எல்லோரையும் ஓட வைத்த பக் துரை

எங்கள் ஊர் கல்பாத்தி. பெயரைச் சொன்னவுடன் விசுவநாதசுவாமி கோயிலும், ஆற்றங்கரையும், சங்கீதமும், ஐப்பசிக் கடைசியில் நடக்கும் தேரும் நினைவுக்கு வரும். ஓட்டப் பந்தயம் நினைவுக்கு வராது. ஆயினும் எங்கள் கிராமத்துச் சிறுவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் உயிரைக் கொடுத்து ஓடியவர்களே. தேர் புறப்படும் சத்தம் கேட்டதும் வடத்தில் ஒரு பிடி இடம் கிடைக்க வேண்டுமே என்று ஓடும் ஓட்டம் அது. தேருக்குப் பின்னால் யானை முட்டித் தள்ளும். முன்னால் ஊரே வடம் பிடிக்கும். வலுவுள்ளவன் பிடிக்கலாம், மெலிந்தவன் விலகி நிற்க வேண்டும் என்ற விதி அங்கே இல்லை. எட்டு வயதுப் பையன் பிடித்ததனால் தேர் நகர்ந்ததா, இல்லையா என்று யாரும் கணக்குப் பார்ப்பதும் இல்லை.

பள்ளிக்கூடத்து மைதானத்தில் இந்த நியாயத்தை நான் காணவில்லை. ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது 800 மீட்டர் ஓட்டத்துக்கு ஆள் எடுத்தார்கள். பதினொரு பேர் ஓடினோம். நான் நான்காவதாக வந்தேன். உபஜில்லாப் போட்டிக்கு இருவரை மட்டும் அனுப்புவது என்று பள்ளியில் முடிவாகியிருந்தது. எஞ்சிய ஒன்பது பேருக்கும் அன்றோடு ஓட்டம் முடிந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளும் விளையாட்டு விழாவன்று எனக்குக் கிடைத்த வேலை, சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவதும், ஓடி முடித்தவர்க்குக் குளூக்கோஸ் கரைத்துக் கொடுப்பதும்தான். யாரும் என்னை இகழவில்லை. யாரும் என்னை நினைக்கவும் இல்லை. அவ்வளவே.

இதைக் குறையாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்பதை அடுத்த செய்தி காட்டும். சென்ற ஆண்டு இம்மன்றத்தின் விளையாட்டுச் செயலாளர் பொறுப்பு என்னிடம் வந்தது. மன்றங்களுக்கிடையே நடக்கும் தொடர் ஓட்டத்துக்கு ஆறு பெயர் எழுதித் தர வேண்டியிருந்தது: ஓட நால்வர், மாற்றாக இருவர். மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த முதலாண்டு மாணவர் ஒருவர் நாள்தோறும் காலை ஆறு மணிக்கு முன்பே மைதானத்தில் நிற்பார். மற்றவர் வராத நாளிலும் அவர் வந்தார். தேர்வில் அவர் ஏழாவது. ஏழாவது பெயரை நான் அடித்தேன். அடித்ததோடு நில்லாமல், கோடு போட ஆள் தேவை என்று அவரையே அழைத்தேன். அவர் மறுக்காமல் வந்து கோடு போட்டார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை என்று எழுதினால் அது பொய், நன்றாகத்தான் உறங்கினேன். விடுமுறைக்கு ஊருக்குப் போய், நெடுநாட்களுக்கு முன் மறைந்த ஒரு மனிதரின் வரலாற்றைக் கேட்ட பின்னரே நான் செய்தது இன்னதென்று எனக்கு விளங்கியது. அவர் வரலாறே இக்கட்டுரை.

அவர் பெயர் ஹாரி குரோ பக். எங்கள் வீட்டில் பக் துரை என்றே சொல்வார்கள். என் பாட்டியின் தகப்பனார் 1930களின் பிற்பகுதியில் ஒலவக்கோட்டில் ரயில் ஏறிச் சென்னைக்குப் போய், பக் துரையின் கல்லூரியில் படித்து, டிரில் மாஸ்டராகத் திரும்பியவர். அக்கிரகாரத்துப் பிள்ளைகள் கணக்கெழுதவும், சட்டம் படிக்கவும், சமையல் வேலைக்கும் வெளியூர் போன காலம் அது. குதிக்கவும் ஓடவும் கற்றுக்கொள்ளப் பணம் கட்டிப் போகிறானே என்று உறவினர் சிரித்தார்களாம். கிறிஸ்தவர் நடத்தும் இடமாயிற்றே என்று அவர் தாயார் அழுதாராம். இரண்டையும் பொறுத்துக்கொண்டு அவர் போனார். அவரைப் போகச் செய்தது எது?

பக் 1884-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். மசாசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தார் நடத்திய பயிற்சிப் பள்ளியில் உடற்கல்வி கற்றார். அப்பள்ளியின் பெருமையை ஒரு செய்தியால் அறியலாம். 1891-இல் அங்கே ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்துக்கு ஒரு சங்கடம் வந்தது. குளிர்காலம், வெளியே விளையாட முடியாது, வகுப்பிலோ 18 மாணவர். அத்தனை பேரும் ஒரே கூடத்துக்குள், ஒருவரையொருவர் மோதிக் காயப்படுத்தாமல் ஆடத்தக்க ஓர் ஆட்டம் வேண்டும். அவர் இரு கூடைகளை உயரத்தில் மாட்டினார். பக்கத்துக்கு ஒன்பது பேராக 18 பேரும் ஆடினார்கள். அதுவே இன்று உலகெங்கும் ஆடப்படும் கூடைப்பந்து. வகுப்பில் ஒருவனும் சும்மா உட்காரக் கூடாது என்ற தேவையிலிருந்தே அந்த ஆட்டம் பிறந்தது என்பது கருதத்தக்கது.

அதே பள்ளியில் முன்னர்ப் பணியாற்றியவர் லூதர் கூலிக். சங்கத்தின் சின்னமான தலைகீழ் முக்கோணத்துக்கு உடல், மனம், ஆன்மா என்று பொருள் வகுத்தவர் அவரே. பக் அங்கே சேர்வதற்கு முன்பே கூலிக் நியூயார்க் நகரப் பள்ளிகளுக்கு உடற்பயிற்சித் தலைவராகச் சென்றுவிட்டார். அங்கே 1903-இல் பள்ளிகளுக்கான விளையாட்டுக் கழகம் ஒன்றைத் தோற்றுவித்தார். அவ்வாண்டு டிசம்பரில் நடந்த முதற் போட்டியில் 1,000-க்கும் மேற்பட்ட சிறுவர் கலந்துகொண்டனர். ஆயினும் கூலிக்குக்கு அது போதவில்லை. லட்சக்கணக்கான பிள்ளைகள் படிக்கும் நகரில் ஆயிரம் என்பது எம்மட்டு? ஆகவே அவர் இருவகைப் போட்டிகளைச் சேர்த்தார்.

ஒன்று, சின்னப் போட்டி. இன்ன வயதினன் இவ்வளவு தூரத்தை இவ்வளவு நொடியில் ஓட வேண்டும், இவ்வளவு தூரம் தாண்ட வேண்டும் என்று அளவு வைத்தார்கள். அந்த அளவை எட்டியவன் எவனாயினும் அவனுக்குச் சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னம் உண்டு. பிறனை வெல்ல வேண்டியதில்லை. அளவை வென்றால் போதும்.

மற்றொன்று, வகுப்புப் போட்டி. இதுதான் என் கண்ணைத் திறந்தது. இதில் ஒரு வகுப்பின் சிறந்த ஓட்டக்காரனை மட்டும் நிறுத்த முடியாது. வகுப்பில் 100-க்கு 80 பேராவது கலந்துகொள்ள வேண்டும். அத்தனை பேரின் சராசரியே வகுப்பின் மதிப்பெண். நாற்பது பேர் உள்ள வகுப்பென்றால் குறைந்தது 32 பேர் ஓட வேண்டும், தாண்ட வேண்டும். இதன் சூட்சுமத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஏற்கெனவே நன்றாகத் தாண்டுகிறவன் தன் தாண்டலில் இன்னும் எட்டு அங்குலம் கூட்டுவது பெரும்பாடு. ஒருபோதும் தாண்டிப் பழகாத பருத்த பையன் ஒரு மாதப் பயிற்சியில் எட்டு அங்குலம் கூட்டிவிடுவான். சராசரிக் கணக்கில் இரண்டு எட்டு அங்குலமும் ஒன்றே. ஆகவே வெற்றி வேண்டுமென்றால் அந்த வகுப்பு தன் வீரனை விட்டுவிட்டுத் தன் கடைசி ஆளைத் தேடிப் போய்ப் பயிற்சி தர வேண்டும்! விதியை மாற்றியதால் அவன் வகுப்புக்குச் சுமையாகாமல் செல்வமாகிவிட்டான்.

இக்காலத்தில் இதே கருத்து ஒய்.எம்.சி.ஏ. ஊழியர் வழியே கீழ்த்திசைக்கும் வந்தது. பிலிப்பைன்ஸ் தீவுகளில் எல்வுட் பிரௌன் என்பவர் எல்லோருக்கும் விளையாட்டு என்பதையே தம் இயக்கமாகக் கொண்டு உழைத்தார். 1913-இல் மணிலாவில் தொலைகிழக்கு நாடுகளின் போட்டியையும் தொடங்கி வைத்தார். இத்தகைய சூழலிலே வளர்ந்த பக், முதல் உலகப் போர் முடிந்த பின், 1919-இல் இந்தியாவுக்கு வந்தார்.

அன்று மதராஸ் மாகாணத்துப் பள்ளிகளில் உடற்கல்வியின் நிலை யாது? பல பள்ளிகளில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவரே டிரில் மாஸ்டர். பையன்களை வரிசையில் நிறுத்தி இடது வலது என்று நடக்க வைப்பதே பாடம். உண்மையான விளையாட்டோ, பதினொருவருக்கு மட்டும் உரியது. கிரிக்கெட்டுக்குப் பதினொருவர், ஹாக்கிக்குப் பதினொருவர். எஞ்சிய முந்நூறு நானூறு பேர் சுற்றி நின்று கைதட்டுவர். பலருக்கு உடற்பயிற்சி என்பது தண்டனை. சிலருக்கே அது மகிழ்ச்சி.

இந்நிலையை மாற்ற வேண்டுமானால் முதலில் ஆசிரியரை மாற்ற வேண்டும் என்று பக் கண்டார். நூறு பையன்களுக்குத் தாமே பயிற்சி தந்தால் நூறு பேரோடு வேலை முடியும். நூறு பையன்களை ஆட வைக்கத் தெரிந்த ஓர் ஆசிரியரை உருவாக்கினால் அது ஆண்டுதோறும் பெருகும். 1920-இல் சென்னையில் உடற்கல்வி ஆசிரியர்க்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். மாணவர் ஐவர். இடம், ஒரு கூரைக் கொட்டகை. ஆசிரியர் இருவர்: பக்கும், அவர் மனைவி மேரி பக்கும். ஆசியாவிலேயே இத்தகைய பள்ளிகளுள் முதலாவதாக எண்ணப்படுவது அதுவே.

ஐந்து மாணவரோடு தொடங்கியதை எண்ணி அவர் சோர்ந்திருந்தால் இக்கட்டுரைக்கு இடமே இருந்திராது. பின்னர் அப்பள்ளி கல்லூரியாக உயர்ந்தது. 1930களின் தொடக்கத்தில் சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரையை ஒட்டி 60 ஏக்கருக்கும் மேற்பட்ட பரந்த இடத்தில் நிலைகொண்டது. இன்று நந்தனத்தில் அண்ணா சாலை வழியே செல்வோர் அந்த மரங்களையும் மைதானங்களையும் காணலாம். என் பாட்டியின் தகப்பனார் போய்ச் சேர்ந்த இடம் அதுவே.

பக் கல்லூரிக்குள் அடங்கியிருக்கவில்லை. உடற்கல்வித் துறையில் மதராஸ் அரசாங்கத்துக்கு ஆலோசகராகவும் விளங்கினார். உயர்நிலைப் பள்ளிகளுக்கான உடற்பயிற்சிப் பாடத்திட்டத்தை வகுத்தார். அன்று பாலக்காடு உள்ளிட்ட மலபார் ஜில்லா மதராஸ் மாகாணத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பரில்தான் கேரளத்தோடு இணைந்தது. ஆகையால் சைதாப்பேட்டையில் எழுந்த கருத்து வாளையாற்றுக் கணவாயைக் கடந்து எங்கள் பக்கத்துப் பள்ளிகளுக்கும் வந்து சேர வழி இருந்தது. 1929-இல் வியாயாமம் என்ற பொருளுடைய பெயரில் ஓர் ஆங்கில இதழையும் தொடங்கினார். ஊர்தோறும் தனித்துக் கிடந்த உடற்பயிற்சி ஆசிரியருக்கு, தம் தொழிலும் ஒரு கல்வித்துறையே என்ற நம்பிக்கையை அவ்விதழ் ஊட்டியது.

அவர் செய்த மற்றொரு பணி நம் தமிழ் மாணவர் நன்றியுடன் நினைக்க வேண்டியது. விளையாட்டு விதிகளைத் தொகுத்து அவர் ஒரு நூல் வெளியிட்டார். அதில் மேல்நாட்டு ஆட்டங்களோடு நம் நாட்டு ஆட்டங்களும் இடம்பெற்றன. சடுகுடு போன்ற ஆட்டங்கள் ஊருக்கு ஊர் ஒரு விதியுடன் வழங்கியவை; ஒரூர்க் குழு மறுவூர் சென்றால் சண்டையில் முடியும். அவற்றுக்கு வரம்பு எழுதிப் பள்ளிப் போட்டிக்கு ஏற்றவையாக்கிய முயற்சியில் அவர் கல்லூரிக்கு முக்கிய பங்கு உண்டு. இதில் தேசப்பற்றுக்கு அப்பாலும் ஒரு காரணம் இருக்கிறது. சடுகுடுவுக்கு மட்டை வேண்டாம், வலை வேண்டாம், காலணி வேண்டாம். ஒரு கோடு போட மண் போதும். கையில் காசில்லாத பள்ளியிலும் எல்லாப் பிள்ளைகளும் ஆட வேண்டும் என்று எண்ணுகிற ஒருவர், இத்தகைய ஆட்டத்தைக் கைவிட மாட்டார் அன்றோ?

இவ்வளவும் கேட்டால், வல்லவர்மேல் பக்குக்கு அக்கறையே இல்லை போலும் என்று தோன்றும். உண்மை அதுவன்று. இந்தியாவின் தொடக்க கால ஒலிம்பிக் முயற்சியிலும் அவர் பெயர் இருக்கிறது. புனே நகரில் வெறுங்காலோடு ஓடிய கிராமத்து இளைஞரின் திறமையைக் கண்டு வியந்த சர் தொராப்ஜி டாட்டா, 1920-இல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு ஒரு குழுவை அனுப்ப உதவினார். அடுத்த ஒலிம்பிக்குக்கு முறையான தேர்வு வேண்டுமென்று, 1924 பிப்ரவரியில் டில்லியில் அகில இந்தியப் போட்டி நடந்தது. ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சி இயக்குநர் நோரென் என்பவர் அம்முயற்சியில் முன்னின்றார். அங்கே தேர்ந்தெடுத்த தடகள வீரர்களைப் பாரிசுக்கு அழைத்துச் சென்ற மேலாளர் பக் துரை. 

அந்தப் பாரிஸ் ஒலிம்பிக்கில்தான் பின்லாந்தின் பாவோ நூர்மி ஐந்து தங்கம் வென்றார். இங்கிலாந்தின் ஆப்ரகாம்சும் ஸ்காட்லாந்தின் லிட்டலும் ஓடிய கதை பிற்காலத்தில் திரைப்படமும் ஆயிற்று. நம் குழுவில் மலபாரைச் சேர்ந்த சி. கே. லக்ஷ்மணன் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் ஓடினார். பிற்காலத்தில் ராணுவ மருத்துவராய்ப் புகழ் பெற்றவர் அவர். நம் தடகள வீரர் எவரும் அங்கே பதக்கம் பெறவில்லை. ஆனால் அந்த அனுபவத்துக்குப் பின் மாகாணந்தோறும் சங்கங்கள் எழுந்தன. 1927-இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் தோன்றியது.

உலகின் மிக உயர்ந்த களத்துக்கு வீரரை அழைத்துச் சென்ற அதே கைகள், திரும்பி வந்து, கடைசி வரிசைப் பையனை ஆட வைக்கும் ஆசிரியரைப் பயிற்றுவித்தன. இவை இரண்டும் முரண் அல்ல. ஓர் ஊரில் நானூறு பேர் ஓடினால் அதில் ஒரு லக்ஷ்மணன் தென்படுவான். நால்வரை மட்டும் ஓடவிட்டு அந்நால்வருள் அவனைத் தேடுவது அறிவீனம். ஒன்பதாம் வகுப்பில் மெலிந்திருப்பவன் பதினோராம் வகுப்பில் எப்படி இருப்பான் என்று யாருக்குத் தெரியும்? சிலர் சீக்கிரம் வளர்வர். சிலர் தாமதித்து வளர்வர். முதல் தேர்விலேயே பெயரை அடித்துவிட்டால், தாமதித்து வளர்பவன் வளரும்போது மைதானத்தில் இருக்க மாட்டான். இது ஒரு காரணம். ஆனால் இதுவே முழுக் காரணமும் அன்று. என்றைக்குமே முதலிடத்துக்கு வராதவனுக்கும் நெஞ்சு விரியவும், வியர்வை வழியவும், நேற்றைய தன்னை இன்று வெல்லவும் உரிமை உண்டு. கணிதத்தில் முதல் இருவருக்கு மட்டும் பாடம் நடத்தும் பள்ளி எங்கேனும் உண்டா? உடற்கல்வி கல்வியே என்றால், அதை மட்டும் எப்படி இருவருக்கு மட்டும் தர முடியும்?

பக் துரை 1943-இல் மறைந்தார். ஏறத்தாழ இருபத்துநான்கு ஆண்டுகளை இந்நாட்டில் கழித்தவர், தாய்நாட்டுக்குத் திரும்பி ஓய்வு கொள்ளும் நாளைக் காணவில்லை. மேரி அம்மையார் கணவர் விட்டுச் சென்ற கல்லூரிப் பணியைத் தொடர்ந்தார். என் பாட்டி பிறந்த ஆண்டும் 1943 தான். குழந்தை பிறந்த மகிழ்ச்சியும் குரு மறைந்த துயரமும் ஓராண்டில் வந்தன என்று தம் தகப்பனார் சொல்லிக்கொண்டிருப்பாராம்.

அவர் விட்டுச் சென்ற ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பாட்டி டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினாள். முதல், இரண்டாவது, மூன்றாவது என்ற பட்டியல் இருக்கும் என்று நினைத்துத் திறந்தேன். அது இல்லை. வகுப்பில் உள்ள எல்லாப் பெயரும் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு கட்டம்: பள்ளி திறக்கும் ஜூன் மாதம், தேர்வு நெருங்கும் பிப்ரவரி மாதம். ஓட்டத்துக்கு எத்தனை நொடி, தாண்டலுக்கு எத்தனை அடி, எத்தனை அங்குலம் என்று எழுதியிருந்தது. மூன்றாவதாக ஒரு சிறு கட்டம். அதில் கூடுதல் எவ்வளவு என்ற கணக்கு. ஒரு பக்கத்தின் கீழே ஒரு பெயருக்கு எதிரே ஜூன் மாதக் கட்டம் வெறுமையாயிருந்தது. பிப்ரவரியில் ஓர் எண் இருந்தது. அதன்கீழ்ச் சிவப்பு மையில் இரட்டைக் கோடு. யார் அந்தப் பையன் என்று பாட்டியைக் கேட்டேன். இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் மெலிந்த பிள்ளையாம். ஜூனில் ஓட மாட்டேன் என்று மரத்தடியில் உட்கார்ந்திருந்தவன், பிப்ரவரியில் மற்றவர் எடுத்த நேரத்தைப்போல் இரண்டு மடங்கு நேரம் எடுத்து ஓடி முடித்தானாம். அந்த ஆண்டு தம் தகப்பனார் வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னார் என்று பாட்டியின் தாயார் சொல்லிக் கேட்டதுண்டாம்.

எனக்கு அப்போது மூணாற்று மாணவர் நினைவுக்கு வந்தார். அவர் முதல் நாள் எத்தனை நொடியில் ஓடினார், கடைசி நாள் எத்தனை நொடியில் ஓடினார் என்று யாரேனும் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் எழுதி வைத்திருந்தது, அவர் ஏழாவது என்பதை மட்டும்.

இனி இன்றைய நிலையைச் சற்றுப் பார்ப்போம். எங்கள் பாலக்காடு இன்று பள்ளித் தடகளத்தில் புகழ் பெற்ற மாவட்டம். 2022-இல் திருவனந்தபுரத்தில் நடந்த மாநிலப் பள்ளித் தடகளப் போட்டியில் பாலக்காடு முதலிடம் பெற்றது. பறளி, முண்டூர், குமரம்புத்தூர் முதலிய சிற்றூர்ப் பள்ளிகளின் பெயர் தடகள ரசிகர் எல்லோரும் அறிந்தவை. முண்டூரிலிருந்து வந்த பி. யு. சித்ரா 2017-இல் புவனேசுவரத்தில் ஆசியப் போட்டியின் 1,500 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். யாக்கரையைச் சேர்ந்த முரளி ஸ்ரீசங்கர் 2022 காமன்வெல்த் போட்டியில் நீளம் தாண்டலில் வெள்ளி வென்றார். ஆனால் அதே சித்ராவுக்கு, தங்கம் வென்ற அவ்வாண்டிலேயே, லண்டன் உலகப் போட்டிக்கான குழுவில் இடம் கிடைக்கவில்லை. வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்று, அவரைச் சேர்க்கும்படி உத்தரவு வந்தும், காலம் கடந்துவிட்டமையால் அவர் ஓட முடியவில்லை. பட்டியலில் ஒரு பெயர் இல்லாமற் போவதன் வலி, கடைசி ஆளுக்கு மட்டும் உரியது அன்று. முதலாவது ஆளுக்கும் அது நேரும்.

சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும், விளையாட்டுப் பொருள்கள் வேண்டும் என்று விதிக்கிறது. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியரேனும் வேண்டும் என்கிறது. 2024 நவம்பரில் கொச்சியில் நடந்த கேரளப் பள்ளி விளையாட்டு விழாவில், உடற்குறை உள்ள பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளோடு அதே விழாவில் போட்டியிட்டனர். சிவப்பு மையில் இரட்டைக் கோடு போட்ட அந்த டிரில் மாஸ்டர் இருந்திருந்தால் அன்று இன்னொரு முறை பாயசம் வைக்கச் சொல்லியிருப்பார்.

இதற்கு மறுப்பு இல்லாமல் இல்லை. எல்லோரையும் ஓட விட்டால் ஒரு நாளில் விழா முடியுமா? நேரம் குறிக்க ஆள் எங்கே? திறமையுள்ளவன் காத்திருந்து சலிக்க மாட்டானா? இக்கேள்விகள் நியாயமானவையே. பல பள்ளிகள் கூடும் போட்டிக்கு எல்லோரையும் அனுப்ப முடியாது என்பதும் உண்மை. ஆனால் பள்ளிக்குள், விடுதிக்குள், நம்மைப் போன்ற ஒரு மன்றத்துக்குள் அதற்கு என்ன தடை? கூலிக்கின் வகுப்புப் போட்டியை ஒரே நாளில் நடத்த வேண்டியதில்லை. மாலைதோறும் பத்துப் பேராக ஓடிக் குறித்துக்கொண்டே வரலாம். கூட்டிப் பார்ப்பது கடைசியில்தான். வல்லவனும் சலிக்க மாட்டான். சராசரி உயர வேண்டுமானால் மெலியவனுக்குப் பயிற்சி தரும் வேலை அவனுடையதாகிவிடும்.

மாணவ நண்பர்களே! இவ்வாண்டும் மன்றத்தின் விளையாட்டுச் செயலாளர் பொறுப்பை என்னிடமே தந்திருக்கிறீர்கள். ஆகவே செயற்குழுவின் முன் ஒரு தீர்மானத்தை வைக்கப் போகிறேன். நம் மன்ற விளையாட்டு விழாவில் தனிப் பரிசுகள் வழக்கம்போல் இருக்கட்டும். அவற்றோடு ஆண்டு வாரியாக ஓர் அணிப் போட்டி வேண்டும்: 100 மீட்டர் ஓட்டம், நின்று தாண்டல். ஒவ்வோர் ஆண்டு மாணவருள்ளும் 100-க்கு 80 பேர் கலந்துகொண்டால்தான் அந்த அணி கணக்கில் வரும். சராசரியே முடிவு. மாணவியருக்கும் இதே விதி, இதே கோப்பை. விழாவுக்கு ஆறு வாரத்துக்கு முன் ஒரு முறையும், விழாவன்று ஒரு முறையும் அளந்து எழுதுவோம். மிகுதியாக முன்னேறியவர்க்கு ஒரு சிறு பரிசு. இதற்காகும் செலவு, ஒரு நோட்டுப் புத்தகமும், ஓர் அளவு நாடாவும், சில மாலை நேரமும்தான்.

கோடு போடும் வேலையும் இருக்கிறது. சென்ற ஆண்டு அதைச் செய்தவரிடம் சென்று நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த ஆண்டும் காலை ஆறு மணிக்கு முன்பே மைதானத்துக்கு வருகிறார். விழாவன்று கோடு போடும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் இரண்டு ஆண்டு பழகிய கை, கோணாமல் போடுவேன். ஆனால் போட்டு முடித்ததும் சுண்ணாம்பு வாளியை ஓரமாக வைத்துவிட்டு நானும் வந்து வரிசையில் நிற்பேன். என் நேரத்தையும் யாரேனும் குறித்துக்கொள்ளுங்கள்.